நெவிலின் வேப் விடுதி

எந்த நாட்டில் வேப் என்ற மின்சிகரெட்டை இழுக்கலாம், எந்த நாட்டில் இழுத்தால் பிடித்து உட்கார வைப்பார்கள் என்று ஆங்கிலேயச் சிற்றூரான டாட்மர்டனின் சந்தை மண்டபத்தில் யாரைக் கேட்டாலும், பாலாடைக்கட்டிக் கடைக்கு எதிரே இருக்கும் நெவில் ஆர்மெராடின் கடையைக் கைகாட்டுவார்கள். அந்த நெவிலோ ஐம்பத்தெட்டு வயதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை. கடலோடு அவருக்கிருந்த உறவெல்லாம் பிளாக்பூலில் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு நின்றதோடு சரி. பாஸ்போர்ட் மட்டும் இருந்தது. பத்து வருடம் முடிந்ததும் புதுப்பித்து, அதையும் பழையதைப் போலவே பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார். இரண்டிலும் ஒரு முத்திரை கிடையாது.

கடையின் பின்சுவரில் ஓர் உலக வரைபடம். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஊசிகள். பச்சை என்றால் கொண்டு போகலாம். மஞ்சள் என்றால் கொண்டு போகலாம், ஆனால் அதற்கொரு கணக்கு இருக்கும். சிவப்பு என்றால் நினைக்கவே கூடாது. கூரை வேலை செய்யும் ஒருவர் தேனிலவுக்கு பாங்காக் போய், அங்கே வேப் இருப்பதே குற்றம் என்று தெரியாமல் அபராதம் கட்டிவிட்டு, புது மனைவியின் வாயில் விழுந்து புறப்பட்டு வந்து நெவிலிடம் அழுதார். அன்று குத்தியது முதல் ஊசி. அப்புறம் அது ஒரு கிறுக்காகவே பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமைதோறும் கடை திறக்குமுன் தேநீரும் கையுமாக உட்கார்ந்து, அரசாங்கத்தின் பயணக் குறிப்புகளை நாடு நாடாகப் படிப்பார். ஜப்பானில் நிகோட்டின் திரவத்தை விற்கக்கூடாது, ஆனால் சொந்த உபயோகத்துக்கு ஒரு மாதத்துக்கானதைக் கொண்டு போகலாம். அது ஏன் அப்படி? பக்கத்துப் பக்கத்து நாடுகளில் ஒன்றில் கடைத்தெரு முழுக்க விற்கிறது, இன்னொன்றில் சட்டைப்பையில் இருந்தாலே குற்றம். எல்லைக் கோட்டில் ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்து நின்றால் எந்தக் கால் குற்றவாளி? இப்படியெல்லாம் யோசிப்பதில் அவருக்கு அலாதி சுகம்.

சிவப்பு ஊசி நாட்டுக்குப் போகிறவர்கள் வேப்பை அவரிடமே விட்டுவிட்டுப் போவார்கள். ஊருக்குப் போகும்போது நாயை நாய் விடுதியில் விடுவதில்லையா, அந்த மாதிரி. நெவில் பேட்டரியைத் தனியாகக் கழற்றி, ஆளுக்கொரு சிறு ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து, மேலே ஓர் அட்டை ஒட்டுவார். அட்டையில் மூன்று வரி: பெயர், எங்கே போகிறார், திரும்பும் நாள். ஜூலை மாதத்தில் அலமாரியில் இடம் இருக்காது. எதிர்க்கடை நோரீன் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே, "என்னப்பா, நாய்க்குட்டிங்க எல்லாம் தூங்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாலாடைக்கட்டியில் கத்தியை வைப்பார்.

அந்த அலமாரியில் நெவிலின் சொந்த வேப் ஒரு நாளும் இருந்ததில்லை. பதினான்கு வயதில் பிடித்த சிகரெட்டை ஐம்பதில் அது விடவைத்தது. ஒருமுறை முழங்கால் சோதனைக்காக மருத்துவமனையில் அரை நாள் அது இல்லாமல் இருக்க நேர்ந்தது. வெளியே வந்ததும் கால் தானாக மருத்துவமனை வாசல் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கியது. அந்தப் பாக்கெட்டை முடித்த பிறகு அவருக்குத் தன்மேலேயே பயம் வந்துவிட்டது. விமானத்தில் ஏறாததற்குக் கடை, முழங்கால், தேநீர் நன்றாக இருக்காது என்று ஆயிரம் காரணம் சொல்வார். உண்மைக் காரணம் இந்தப் பயம்தான்.

கிளெண்டா சட்கிளிஃப் கூடவரக் கூப்பிட்டபோதும் கடையைத்தான் காரணமாகச் சொன்னார்.

கிளெண்டா பக்கத்து ஊரான ஹெப்டன் பிரிட்ஜுக்கும் டாட்மர்டனுக்கும் நடுவே பேருந்து ஓட்டுபவர். முப்பத்திரண்டு வருடம் சிகரெட் பிடித்தவரை ருபார்ப் என்ற புளிப்புத் தண்டின் வாசனை வரும் வேப்புக்கு மாற்றியவர் நெவில். ஐந்து வருடமாக வியாழக்கிழமைகளில் வந்து, ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். வியாழக்கிழமைகளில் நெவில் சவரம் செய்துகொள்வதை மண்டபத்தில் கவனிக்காதவர்கள் இல்லை. நெவிலுக்கு அவரைப் பிடிக்கும். நன்றாகவே பிடிக்கும். அதை நெவிலைத் தவிர எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

கிளெண்டாவின் ஒரே மகன் டேமியன் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் எலெக்ட்ரீஷியன். அவனுக்குக் கல்யாணம். "முதல் வரிசைல என் பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்கு. நீ வாயேன்" என்று போன மாதம் கிளெண்டா கேட்டார். கடை இருக்கிறதே என்று நெவில் மென்று விழுங்கினார். கிளெண்டா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ருபார்ப் இரண்டு பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

போன வியாழக்கிழமை நெவிலே அவருக்கு எல்லாம் எடுத்து வைத்தார். ஆஸ்திரேலியா மஞ்சள் ஊசி. ஓர் ஆளுக்கு இரண்டு வேப், திரவம் இருநூறு மில்லி, சொந்த உபயோகத்துக்கு மட்டும். இரண்டு வேப்பையும் ஒரு சின்ன திரவ பாட்டிலையும் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்து, "பெட்டில போட்டு அனுப்பிடாத. பேட்டரி இருக்கு, கைப்பைலதான் வச்சுக்கணும். ஏறுறதுக்கு முன்னாடி தொட்டியைக் காலி பண்ணிடு, இல்லேன்னா மேல போனதும் ஒழுகி, பையெல்லாம் ருபார்ப் ஜாம் ஆயிடும். மத்தபடி ஒரு கவலையும் இல்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு நோரீன் பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டே சொன்னார்: "கிளெண்டா இந்நேரம் ஏர்போர்ட் போயிருப்பா. ஒம்பது மணி வண்டியைப் பிடிச்சா. கொடுத்து வச்சவ. ரெண்டு நாள் சிங்கப்பூர்ல தங்கிட்டுத்தான் போறாளாம், அங்க என்னமோ பெரிய தோட்டம் இருக்காமே."

நெவில் வாயருகே கொண்டு போன வேப்பை அப்படியே கல்லாமேடை மேல் வைத்தார்.

"எங்க தங்குறா?"

"சிங்கப்பூர்ல. டேமியன் டிக்கெட் போட்டானாம். ஒரே மூச்சா போனா அம்மாவுக்குக் கால் வீங்கும்னு."

நெவில் திரும்பி வரைபடத்தைப் பார்த்தார். சிங்கப்பூர் அவ்வளவு சின்ன ஊர், ஊசியின் சிவப்புக் குண்டு அதை முழுசாக மூடியிருந்தது. அங்கே வேப் கையில் இருந்தாலே குற்றம். வெளிநாட்டுக்காரர் என்று விலக்கெல்லாம் இல்லை. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், விசாரணை என்று எங்கேயாவது உட்கார வைத்தால் கல்யாணத்துக்கு எப்படிப் போவார்? கிளெண்டாவோ மறைக்கத் தெரியாதவர். "நெவில் சொன்னார்" என்று பையைத் தானே திறந்து காட்டுவார். ஐந்து வருடத்தில் நெவில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார், எங்கே போகிறீர்கள் என்று. எங்கே இறங்கி ஏறுவீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இந்த ஊரில் ஆஸ்திரேலியா போகிறேன் என்றால் ஆஸ்திரேலியா போகிறேன் என்றுதான் சொல்வார்கள். நடுவில் இருப்பது வெறும் விமானம் மாறும் இடம். அட்டையிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

நெவில் கிளெண்டாவின் தொலைபேசிக்கு அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சார்ஜ் தீர்ந்துவிடும் என்று தொலைபேசியை அணைத்து, கோட்டின் உள்பையில் பொத்தான் போட்டு வைப்பது அவர் வழக்கம்.

"கடையைப் பாத்துக்கோ, நோரீன்."

"எதுக்கு விலை என்னன்னு எனக்கென்ன தெரியும்?"

"யார் வந்தாலும் நாளைக்கு வரச் சொல்லு."

கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி அவர் ரயில் நிலையத்துக்கு ஓடினார். முழங்கால் என்ற ஒன்று தனக்கு இருப்பதே அன்று அவர் நினைவில் இல்லை. விக்டோரியா நிலையத்தில் வண்டி மாற பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அதற்குள் மருந்துக்கடைக்குள் பாய்ந்து, தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை இரண்டு பெட்டி வாங்கினார். விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. உள்ளே நின்று அண்ணாந்து ஊர்ப் பெயர்களைப் படித்தார். பலகையில் ஓடிய ஒவ்வொரு ஊருக்கும் அவர் மனதில் ஒரு நிறம் ஓடியது. பச்சை, பச்சை, மஞ்சள், சிவப்பு. ஊசிகளாகவே பழகிய ஊர்களுக்கு நிஜமாகவே ஆட்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு நிமிடம் வந்த வேலையையே மறந்தார்.

சிங்கப்பூர் வரிசையில் எண்பது பேராவது இருப்பார்கள். முன்னால், ஊதா நிறக் கோட்டில் கிளெண்டா. அவருக்கும் முகப்புக்கும் நடுவே பத்துப் பேர்தான்.

இந்த இடத்தில் வேறு எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் நேரே போய்த் தோளைத் தட்டியிருப்பார். நெவில் வரிசையின் கடைசியில் போய் நின்றார். சிரிக்க வேண்டாம். இங்கே வளர்ந்த உடம்புக்கு வரிசையைத் தாண்டிப் போவதும் துணியில்லாமல் தெருவில் போவதும் ஒன்றுதான். கூப்பிட்டுக் கத்துவது அதைவிட மோசம். அவர் நின்றார், வேர்த்தார், ஐந்து நிமிடத்தில் இரண்டடி நகர்ந்தார். கிளெண்டாவும் இரண்டடி நகர்ந்தார். இப்படியே போனால் இருவரும் ஒரே வேகத்தில் சிங்கப்பூர் போய்ச் சேருவார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

முன்னால் நின்ற வழுக்கைத் தலைக்காரரிடம் திரும்பினார். "மன்னிக்கணும் சார். அதோ ஊதா கோட்டு போட்ட அம்மாகிட்ட ஒரு சேதி சொல்லணும்."

"போய்ச் சொல்லுங்களேன்."

"அவங்க வரிசைல நிக்கிறாங்களே."

வழுக்கைத் தலைக்காரருக்கு உடனே புரிந்தது. அவரும் இந்த ஊர்தானே. "சரிதான். நான் முன்னாடி சொல்லி அனுப்புறேன். என்ன சேதி?"

"பையில இருக்கிறதை சிங்கப்பூருக்குக் கொண்டு போகாதன்னு நெவில் சொல்றாருன்னு சொல்லுங்க."

விமான நிலையத்தில் சொல்லக்கூடாத வாக்கியங்களுக்குப் பட்டியல் போட்டால் இது முதல் மூன்றுக்குள் வரும். வழுக்கைத் தலைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சுற்றியிருந்த நாலைந்து தலைகள் திரும்பின.

"பையில என்னங்க இருக்கு?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"வேப்."

"அட, அவ்வளவுதானா" என்று பெருமூச்சு விட்டார். அடுத்த நொடி அவர் கையே தன் சட்டைப்பையைத் தடவியது. "இருங்க. எதுக்குக் கொண்டு போகக்கூடாது?"

"அங்க தடை சார். வச்சிருந்தாலே குத்தம்."

"வச்சிருந்தாலேயா?"

சேதி முன்னால் போயிற்று. கூடவே பீதியும் போயிற்று. அந்த வரிசையில் எத்தனை கைப்பைகள் அந்த நேரத்தில் திறந்தன என்று எண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இளம்பெண் ஒருத்தி பின்னால் வந்து நெவிலின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். "ஐயா, நாங்க அங்க எறங்கி பாலி போறோம். வெளிய போகவே மாட்டோம். அப்பவும் தப்பா?"

"எறங்கி ஏறுனாலும் தப்புதாம்மா. இங்கயே விட்டுட்டுப் போயிடு."

"இந்தியா எப்படிங்க?" என்றார் தடித்த மீசைக்காரர் ஒருவர். "அங்கதான் அடுத்து போறேன்."

"செவப்பு. விக்கவும் கூடாது, உள்ள கொண்டு வரவும் கூடாது."

"பாங்காக்?"

"செவப்பு. அதுதான் என்னோட முதல் ஊசி."

ஊசி என்றால் என்னவென்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் அவர் விஷயம் தெரிந்தவர் என்று எல்லோருக்கும் புரிந்தது. ஒருவர் ஜப்பானைக் கேட்டார், இன்னொருவர் மெக்சிகோவை. சிகரெட் பிடிக்கலாமாமே, அப்புறம் இதற்கு மட்டும் ஏன் தடை என்று ஒரு அம்மாள் சண்டைக்கே வந்தார். "அதைத்தாம்மா நானும் அஞ்சு வருஷமா யோசிக்கிறேன். பதில் தெரிஞ்சா டாட்மர்டனுக்கு ஒரு கடுதாசி போடுங்க" என்றார் நெவில்.

அப்போது வரிசையின் முன்பக்கத்திலிருந்து ஊதாக் கோட்டு திரும்பிப் பார்த்தது.

"நெவில்? கடையை யார் பாக்குறா?" கிளெண்டா பக்கத்தில் இருந்தவரிடம் பெட்டியை ஒப்படைத்தார். "உன் இடத்தை நாங்க பாத்துக்கிறோம் கண்ணு, போயிட்டு வா" என்றார்கள் மூன்று பேர். அவர் வரிசையை ஒட்டி நடந்து பின்னால் வந்தார். எல்லாக் கண்களும் கூடவே நடந்து வந்தன.

"நீதானே சரின்னு சொன்ன."

"நான்தான் சொன்னேன். எங்க போறேன்னு கேட்டேன், நடுவுல எங்க எறங்குறேன்னு கேக்கல. என் தப்பு, கிளெண்டா. அங்க போய் நீ மாட்டியிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது."

கிளெண்டா அவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, அவர் கட்டிக் கொடுத்த கைக்குட்டை முடிச்சை, முடிச்சு அவிழாமல் அப்படியே எடுத்து நீட்டினார்.  "இது இல்லாம நான் என்ன பண்ணுவேன்? கல்யாண வீட்ல பாதிப் பேர் சிகரெட் பிடிக்கிறவங்க. வெளிய போய் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணுன்னு ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது. உனக்கே தெரியும்."

"தெரியும்." நெவில் பட்டைப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார். "இதுக்கு அங்க தடை இல்ல. பெட்டியைப் பிரிச்சுப் போட்டுடாத, ரசீதோட வச்சுக்கோ. தினம் காலைல ஒண்ணு, தோள்ல. கை சும்மா இருக்க முடியலேன்னா ஒரு பென்சிலைப் பிடிச்சுக்கோ."

"பென்சிலா? கல்யாணத்துலயா?"

"தொப்பிக்குப் பொருத்தமா ஒண்ணு வாங்கிக்கோ."

கிளெண்டா சிரித்துவிட்டார். நெவில் பழக்க தோஷத்தில் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் பட்டைப் பெட்டி மேல் வைத்து எழுதினார். பெயர், கிளெண்டா சட்கிளிஃப். எங்கே, பெர்த். "திரும்புற நாள்?"

"இருபத்தொம்பது." கிளெண்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊர்ல இருக்கிற எல்லாரோடதையும் நீ வாங்கி வச்சுக்கிற. உன்னோடது எங்க?"

"இங்கதான்" என்று நெவில் சட்டைப்பையைத் தட்டினார். பை தட்டையாக இருந்தது. கோட்டுப் பையில் தேடினார். பிறகு நினைவு வந்தது, கல்லாமேடை மேல் வைத்தது.

"பத்தரைலேர்ந்தா?" என்றார் கிளெண்டா, கடிகாரத்தைப் பார்த்து.

"ஞாபகமே வரல."

"கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. அந்த நாற்காலியில யாரையும் உக்கார வைக்கக் கூடாதுன்னு டேமியன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றார் கிளெண்டா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல், அவர் கன்னத்தில் அவசரமாக ஒரு முத்தம் வைத்துவிட்டு வரிசைக்குத் திரும்பினார். சொன்னபடியே இடம் காத்திருந்தது.

ஞாபகம் வராதவரைதான் சௌகரியம். திரும்பும் வண்டியில் ஞாபகம் வந்துவிட்டது, பலமாகவே வந்துவிட்டது. விரல்கள் தாமாகவே சட்டைப்பைக்குப் போய்ப் போய் வெறுங்கையாக வந்தன. கையில் கிளெண்டாவின் கைக்குட்டை முடிச்சு இருந்தது. உள்ளே இரண்டு வேப்பும் திரவ பாட்டிலும், ருபார்ப் வாசனையோடு. அதைப் பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை. விக்டோரியாவில் சிகரெட் விற்கும் கடை வாசலில் அவர் நின்றது நாலு நிமிடம். கடைக்காரப் பெண் இரண்டு முறை, "என்ன வேணும் சார்?" என்று கேட்டாள். நெவில் உள்ளங்கை ஈரத்தைக் கோட்டில் துடைத்தார். "ஒரு பென்சில்" என்றார். பென்சில் இல்லை, பேனாதான் இருந்தது. அதை வாங்கிக் கடித்துக்கொண்டே வண்டி ஏறினார்.

மண்டபத்துக்குள் நுழையும்போது கடைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். அவருடைய வேப் வைத்த இடத்திலேயே கிடந்தது. நோரீன் அதன்மேல் பாலாடைக்கட்டி மூடும் கண்ணாடி மூடியைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"உன் நாய் காலைலேர்ந்து இங்கயே கெடக்கு. ஒரு தடவை குரைக்கணுமே" என்றார் நோரீன். "பாத்தியா அவளை?"

"பாத்தேன்."

நெவில் கிளெண்டாவின் முடிச்சை ஒரு டப்பாவில் வைத்து அட்டையை ஒட்டினார். அப்புறம் மீதியிருந்த அட்டைகளை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றிலும் நாலாவதாக ஒரு வரி எழுதினார்: வழியில் எங்கே இறங்குவீர்கள். முப்பது அட்டை எழுதி முடிக்கும்வரை அவர் கண்ணாடி மூடியைத் தொடவில்லை. முடித்ததும் மூடியைத் தூக்கி, வேப்பிலிருந்து பேட்டரியைக் கழற்றினார். புது டப்பா ஒன்றை எடுத்து இரண்டையும் உள்ளே வைத்து, புது அட்டை ஒன்றில் எழுத ஆரம்பித்தார். வாயில் வைத்துக் கடித்ததில் பேனா முனைப் பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது, எழுத்து கோணலாகத்தான் வந்தது.

நோரீன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். பெயர்: நெவில் ஆர்மெராட். எங்கே: பெர்த். வழியில்: சிங்கப்பூர். திரும்பும் நாள்: இருபத்தொன்பது.

  நெவில் டப்பாவையும் கடைச் சாவியையும் மேடை மேல் தள்ளி வைத்தார்.

"மூணு வாரம் பாத்துக்கிறியா?"

நோரீன் டப்பாவைக் கையில் எடுத்து, காதருகே கொண்டு போய் இலேசாக ஆட்டிப் பார்த்தார்.

"கடிக்குமா?"

"இன்னைக்கு ரொம்பக் கடிச்சுது" என்றார் நெவில். "எங்கயாவது என் கைக்கு எட்டாத இடமா வை."